வேலியில்லாச் சிற்றூர்: லாக்ஸ்டன் கிராமத்தின் வரலாறு

இங்கிலாந்து நாட்டு வரலாற்றை நம்மவருள் முதிய தலைமுறையினர் பள்ளியில் மன்னர் வரிசையாகக் கற்றனர். யார் எப்போது முடிசூடினார், எந்தப் போர் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பவற்றை நெட்டுருச் செய்தனர். அம் மன்னர்களுக்குச் சோறு போட்ட உழவன் எவ்வாறு வாழ்ந்தான், எந்த நிலத்தை எந்த முறையில் உழுதான், அண்டை நிலத்தானோடு வரப்புச் சண்டை வந்தால் யாரிடம் போய் முறையிட்டான் என்பவற்றை அப்பாட நூல்கள் அதிகம் சொல்லவில்லை. ஆயினும் ஒரு மக்களின் இயல்பை அறிய விரும்புவோர் அரண்மனையைவிட ஊரைத்தான் பார்க்க வேண்டும். அவ்வகையில் ஆங்கில நாட்டில் பார்க்கத் தக்க ஊர் ஒன்று உண்டு. அதன் பெயர் லாக்ஸ்டன்.

லாக்ஸ்டன் பெரிய ஊரன்று. அங்கே பெரும்போர் எதுவும் நடந்ததில்லை. உலகப் புகழ் பெற்ற புலவர் எவரும் அங்கே பிறந்ததாகச் சொல்வதற்கில்லை. எனினும் வரலாற்று ஆசிரியர்கள் அவ்வூரைத் தேடிச் செல்கின்றனர். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் பரவியிருந்த ஓர் உழவு முறையும், அதனைக் காத்து நடத்திய ஊர்மன்றமும் ஒருங்கே இன்றும் உயிரோடு இயங்குவது அங்கேதான் என்பது அதன் சிறப்பு. எங்கும் மறைந்த ஒன்று இங்கு மட்டும் எவ்வாறு நிலைத்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் இருப்பும் பெயரும்

நாட்டிங்காம் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், டிரெண்ட் ஆற்றுக்கு மேற்கே, தாழ்ந்த மேட்டு நிலத்தில் லாக்ஸ்டன் அமைந்துள்ளது. மண் சிவந்த களிமண். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். காய்ந்தால் கல்லாய் இறுகும். இத்தகைய மண்ணை உழுவது எளிதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; பின்னால் சொல்லப் போவதற்கு அது துணை செய்யும்.

ஆங்கிலோ சாக்சன் மக்கள் குடியேறிய காலத்தில் லீக்ஸா என்னும் பெயருடைய ஒருவனைச் சார்ந்தோர் அமைத்த பண்ணை என்பதே ஊர்ப் பெயரின் பொருள் என்பர். நெடுங்காலம் அவ்வூர் லெக்சிங்டன் என்றும் வழங்கிற்று. 17ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘லெக்சிங்டன் என்கிற லாக்ஸ்டன்’ என இரு பெயரும் சேர்ந்தே காணப்படுகின்றன.

ஊரின் வடக்கே நார்மானியர் எழுப்பிய மண்கோட்டையின் மேடு இன்றும் நிற்கிறது. ஷெர்வுட் காட்டைக் காக்கும் அரச உரிமை பெற்றிருந்த குடும்பத்தினர் அங்கிருந்து ஆண்டனர். அவருள் எவரிங்காம் என்னும் குடும்பத்தாரின் உருவச் சிலைகள் புனித மைக்கேல் ஆலயத்துள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெண்ணொருத்தியின் உருவம். கல்லால் ஆகாது ஓக் மரத்தால் ஆகியது. அக்குடும்பம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. கோட்டையின் மேல் புல் முளைத்தது. கோட்டையார் ஆண்ட காலத்து உழவு முறையோ நிலைத்து நின்றது.

கணக்கேட்டில் கண்ட ஊர்

1066-ல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர் வில்லியம், இருபது ஆண்டுகள் கழித்து 1086-ல் நாட்டின் நிலங்களை எல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு எனப்படும் அக்கணக்கில் லாக்ஸ்டனுக்கும் சில வரிகள் உண்டு. முன்பு டோக்கி என்பவரிடம் இருந்த ஊர், வெற்றிக்குப்பின் ஜெஃப்ரி அல்சலின் என்னும் நார்மானியரிடம் சென்றது. ஆறு ஏர் உழும் நிலம். 40 ஏக்கர் புல்வெளி. பன்றி மேயும் காடு. வில்லன் எனப்பட்ட குடியானவர் 22 பேர். அவரினும் எளியரான சிறு குடியினர் 7 பேர். அடிமை ஆண்கள் ஐவர். அடிமைப் பெண் ஒருத்தி. வெற்றிக்கு முன் ஒன்பது பவுன் மதிப்புப் பெற்ற ஊர், கணக்கெடுத்த நாளில் ஆறு பவுனாகக் குறைந்திருந்தது.

இவ்வரிகளை ஆழ்ந்து படித்தல் நன்று. பழைய கிராம வாழ்வு என்றவுடன் எல்லாரும் சமமாக, இன்பமாக வாழ்ந்த பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்வது எளிது. ஆனால் அவ்வூரின் முதல் எழுத்துச் சான்றிலேயே அடிமைகள் அறுவர் இருக்கின்றனர். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. நிலம் பிரபுவுடையது; குடியானவன் பிரபுவின் நிலத்தில் உழைத்தாக வேண்டியவன். லாக்ஸ்டனின் பொது வாழ்வு சமத்துவத்தில் பிறந்ததன்று, தேவையில் பிறந்தது. ஒருவரை ஒருவர் சாராமல் அக்களிமண்ணில் எவரும் பயிர் செய்ய இயலாது என்பதே அத்தேவை.

மூன்று வயல்களும் கீற்றுகளும்

கனத்த மண்ணைக் கிழிக்கக் கனத்த கலப்பை வேண்டும். அக்கலப்பையை இழுக்க எருதுகள் பல வேண்டும்; எட்டு எருதுகள் பூட்டிய ஏரையே இடைக்காலக் கணக்குகள் முழு ஏராகக் கொண்டன. எட்டு எருதுகளைத் தனியாக வைத்திருக்கும் வசதி எளிய குடியானவனுக்கு ஏது? ஆகவே ஒருவன் எருதும் மற்றவன் கலப்பையும் சேர்ந்தே ஏராயிற்று. அவ்வளவு நீளமான ஏரை அடிக்கடி திருப்புவது கடினம். எனவே உழவு நீளமாகச் சென்றது. நிலமும் நீண்டு ஒடுங்கிய கீற்றுகளாக அமைந்தது. ஆங்கில அளவுகளில் வரும் ஃபர்லாங் என்பது உழவுசாலின் நீளத்தைக் குறித்துப் பிறந்த சொல். 220 கஜ நீளமும் 22 கஜ அகலமும் கொண்ட நிலமே ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ஏறத்தாழ அவ்வளவே. நம் மாணவர் மனப்பாடம் செய்த அளவு வாய்பாட்டுக்குள் எருதுகளின் மூச்சிரைப்பு அடங்கியிருக்கிறது எனலாம்.

லாக்ஸ்டனில் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெருவயல்கள் உள்ளன. ஒவ்வொரு வயலும் பல கீற்றுகளாகப் பிரிந்துள்ளது. கீற்றுகளுக்கிடையே வேலியுமில்லை, சுவருமில்லை. ஓர் உழவனின் நிலம் ஓரிடத்தில் சேர்ந்திராது. மூன்று வயல்களிலும் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். இதனைக் காண்போர், இஃது என்ன வீண் அலைச்சல் என எண்ணக் கூடும். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. ஓராண்டில் ஒரு வயல் குளிர்காலக் கோதுமைக்கு உரியது. மற்றொன்று வசந்தத்தில் விதைக்கும் வாற்கோதுமை முதலிய பயிர்களுக்கு உரியது. மூன்றாவது தரிசாகக் கிடந்து இளைப்பாறும். அடுத்த ஆண்டு முறை மாறும். ஒருவன் நிலம் முழுதும் ஒரே வயலில் இருந்தால், தரிசு ஆண்டில் அவன் வீட்டில் அடுப்பெரியாது. மேலும் நல்ல மண்ணும் தாழ்ந்த மண்ணும், வெயில் படும் சரிவும் நீர் தேங்கும் பள்ளமும் எல்லார்க்கும் கலந்து கிடைத்தன. ஒரு மூலையில் பயிர் கெட்டாலும் மற்றொரு மூலை காப்பாற்றும்.

அறுவடை முடிந்ததும் வயல் ஊருக்குப் பொதுவாகும். தாள் நின்ற நிலத்தில் ஊர் ஆடுமாடுகள் மேய்ந்தன. அவை இட்ட எருவே அடுத்த பயிருக்கு உரமாயிற்று. யார் எத்தனை ஆடு விடலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. கேட் என்று ஊரார் வழங்கிய ஒரு மேய்ச்சல் பங்குக்கு இருபது ஆடுகள் என்பது அங்கு வழங்கிய அளவு. உழவுக்கு ஏலாத ஈரத் தாழ்வுகளையும் செங்குத்துச் சரிவுகளையும் சைக் என்று அழைத்தனர். அவற்றின் புல்லை அறுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டனர். கலப்பை படாத அப்புல்தாழ்வுகளில் வேறிடங்களில் அழிந்த காட்டுப்பூக்கள் பல நிலைத்திருத்தலின், இந்நாளில் அவை இயற்கைக் காப்பிடங்களாக மதிக்கப்படுகின்றன.

இம்முறை ஊரின் தோற்றத்தையும் வகுத்தது. நிலம் எங்கும் சிதறிக் கிடப்பவன் வயல் நடுவே வீடு கட்டிப் பயனில்லை. எல்லா வயலுக்கும் பொதுவான ஊர்நடுவில் இருப்பதே வசதி. ஆதலின் லாக்ஸ்டனின் பண்ணை வீடுகள் ஊர்த் தெருவிலேயே நிற்கின்றன. செங்கற் சுவரும் ஓட்டுக் கூரையும் உடைய பல வீடுகள் தம் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி, பின்னே களஞ்சியமும் தொழுவமுமாக நீள்கின்றன. நிலத்தை ஒன்று சேர்த்து வேலியடைத்த ஊர்களில் பல பண்ணை வீடுகள் தனித்தனியே வயல் நடுவே ஒதுங்கி நிற்கும். இங்கோ, காலையில் கதவைத் திறந்தால் அண்டை வீட்டு உழவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஒரு வணிகர் வரைவித்த படம்

1635-ல் அவ்வூரின் உரிமையாளராயிருந்தவர் லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன். தாம் வாங்கிய நிலம் எவ்வளவு, அதில் யார் யார் எதை வைத்திருக்கின்றனர் என்று அறிய விரும்பிய அவருக்காக மார்க் பியர்ஸ் என்னும் அளவையாளர் ஊரைக் கீற்றுக் கீற்றாக அளந்தார். கீற்றுகளை எல்லாம் வரிசையிட்டுக் காட்டும் அடங்கல் ஒன்றும், அதற்கிணங்கப் பெரிய நிலப்படம் ஒன்றும் உருவாயின. அப்படம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் உள்ளது. அளவுக் கோடுகள் மட்டுமன்றி உழுவோர், விதைப்போர், அறுப்போர், வேட்டையாடுவோர் ஆகியோரின் சிற்றுருவங்களும் அதில் தீட்டப்பட்டுள்ளன. மன்னர் முதலாம் சார்ல்ஸ் காலத்து ஆங்கில உழவரை அவர்தம் வேலைக் கோலத்திலேயே காட்டும் அரிய சான்று அது.

கோர்ட்டனின் பெயர் நம் பகுதி வரலாற்றோடும் ஒருவாறு தொடர்புடையது. மேற்கே பார்படோஸ் தீவில் 1627-ல் ஆங்கிலேயர் குடியேறப் பொருள் கொடுத்தவர் அவர். கிழக்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக வாணிகம் செய்யவும் அவர் சார்ந்த கூட்டத்தார் அரசனிடம் உரிமை பெற்றனர். அக்கூட்டத்தாரின் கப்பல்கள் ஜான் வெடல் என்னும் தளபதியின் கீழ் 1636-ல் புறப்பட்டுக் கோவா, ஆச்சே, மலாக்கா வழியாக 1637-ல் மக்காவ் சென்றன. அப்போது மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. கோர்ட்டன் அதனைக் காணவில்லை. கப்பல்கள் புறப்பட்ட 1636-லேயே அவர் இறந்தார். மலாக்கா நீரிணை வழியே மிளகும் பட்டும் தேடி ஓடிய செல்வமும், நாட்டிங்காம்ஷயர்க் களிமண்ணில் கீற்றுகளை எண்ணிய செல்வமும் ஒரே பெட்டியில் இருந்தன என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. கடல்கடந்த வாணிகத்தில் ஈடுபட்டோர் உள்நாட்டு நிலத்தையும் வரவு செலவுக் கண்கொண்டு பார்க்கத் தொடங்கிய காலம் அது.

கோர்ட்டன் குடும்பத்தின் நிலை தாழ்ந்ததும் சில ஆண்டுகளுக்குள் ஊர் பியர்பாயின்ட் குடும்பத்தார் கைக்கு வந்தது. அவர்களே பின்னர்க் கிங்ஸ்டன் கோமகன்களாகவும், 1806 முதல் மேன்வர்ஸ் பிரபுக்களாகவும் விளங்கினர்.

வேலிகளின் காலம்

திறந்த வயல்களை ஒன்று சேர்த்து, தனித்தனி உடைமையாக்கி, வேலியிடும் முயற்சி இங்கிலாந்தில் நெடுங்காலம் நடைபெற்றது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்கென நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேற்பட்டவை. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இஃது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி.

வேலியடைப்பால் நன்மை இல்லை எனல் பொருந்தாது. புதுப் பயிர்களையும் நல்ல கால்நடை இனங்களையும் ஒருவன் தன் விருப்பம்போல் முயன்று பார்க்க அது வழி செய்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தோர் எளியோர். ஓரிரு கீற்றும் ஒரு மாடு மேய்க்கும் உரிமையும் உடையவன், வேலியடைப்பின்போது தன் பங்காகச் சிறு துண்டு நிலம் பெற்றான். அதற்கு வேலி போடும் செலவையும் அவனே ஏற்க வேண்டியதாயிற்று. விற்றுவிட்டுக் கூலியாள் ஆவதே பலர்க்கு முடிவாயிற்று. பிறர் நிலத்தில் வழக்கப்படி மாடு மேய்த்து, ஆனால் அதற்குச் சான்று காட்ட ஏலாதவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வேலி பயிரைக் காத்தது உண்மை. ஆனால் பல ஊர்களில் அது குடியானவனை மேய்ந்துவிட்டது.

லாக்ஸ்டன் தப்பியது எவ்வாறு? ஊரார் வீரத்தோடு எதிர்த்து நின்றனர் என்று சொல்ல நமக்கு ஆசையாக இருக்கலாம். உண்மை அவ்வளவு எடுப்பானதன்று. ஊர் நிலத்தில் பெரும்பகுதி மேன்வர்ஸ் குடும்பத்தாரிடமும், மற்றொரு பகுதி ஸ்கார்பரோ பிரபுவிடமும் இருந்தது. சிறு உரிமையாளரும் பலர் இருந்தனர். இவர்கள் எல்லாரும் ஒருமித்து ஒப்பினால்தான் முழு வேலியடைப்பு எளிதாகும். அந்த ஒப்புதல் கிட்டவில்லை. பின்னர் 1870-களின் இறுதியில் தொடங்கிய தானிய விலை வீழ்ச்சியால், பெருஞ்செலவு செய்து நிலத்தை மாற்றி அமைப்பதில் ஊக்கமும் குன்றிற்று. ஆனால் ஊர் முற்றிலும் தீண்டப்படாமல் இருந்ததென்றும் கொள்ளற்க. 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பகுதி அடைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பிரபு சிறு கீற்றுகள் பலவற்றை இணைத்துப் பெரிய கீற்றுகளாக்கினார். திறந்த வயலின் பரப்பும் குறைந்தது. இன்று மூன்று வயல்களும் சேர்ந்து 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவே.

ஆகவே அழியாமற் போனதற்குக் காரணம் பாதி தற்செயல் எனலாம். ஆனால் தற்செயலாகத் தப்பிய ஒன்று நாளும் ஒழுங்காக நடைபெறத் தற்செயல் போதாது. அதற்கு ஊர்மன்றம் வேண்டும்.

ஊர்மன்றம்

இடைக்கால இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்த கோர்ட் லீட் என்னும் மன்றம் லாக்ஸ்டனில் இன்றும் கூடுகிறது. அதன் நடைமுறை எளியது. குளிர்காலக் கோதுமை விதைத்த வயல் எதுவோ, அதனை மேற்பார்க்க ஆண்டுதோறும் ஜூரியார் உறுதிமொழி ஏற்பர். அவர்கள் பன்னிருவர், அவருள் ஒருவர் தலைவர். எல்லாரும் ஊர் உழவர்களே. நவம்பர் இறுதியில் ஜூரி நாள் வரும். அன்று அவர்கள் வயலை நடந்து பார்ப்பர். ஒருவன் தன் கீற்றின் எல்லை கடந்து அடுத்தவன் நிலத்தை உழுதானா? பொது வழியைச் சுரண்டினானா? சைக் புல்லைக் கலப்பையால் கிழித்தானா? வாய்க்காலை அடைத்தானா? இவற்றையெல்லாம் பார்த்து, எல்லை மறைந்த இடங்களில் முளை அடித்துக் குறிப்பர். பின்னர் ஊர் விடுதியில் அமர்ந்து உணவருந்திக் கண்ட குறைகளைத் தொகுப்பர்.

ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் மன்றம் கூடும். பண்ணையுரிமையாளரின் சார்பில் மணியக்காரர் தலைமை தாங்குவார். ஜூரியார் தம் அறிக்கையை வைப்பர். குற்றம் செய்தவர்க்குச் சிறு தண்டம் விதிக்கப்படும். அடுத்த ஆண்டுக்குரிய வயலின் ஜூரியார் உறுதிமொழி ஏற்பர். கட்டவிழ்ந்து திரியும் மாடுகளைப் பிடித்துத் தொண்டுப்பட்டியில் அடைக்கும் பொறுப்புக்கும் பழைய மரபில் ஓர் அலுவலர் இருந்தார். அவரைப் பிண்டர் என்றனர்.

தண்டத்தொகை பெரிதன்று. ஆனால் தண்டத்தின் வலிமை தொகையில் இல்லை. வரப்பைக் கடந்து இரண்டு அடி உழுதவன் பெயர், தெரிந்தவர் பன்னிருவர் முன்னிலையில் படிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு அவனே ஜூரியாகி, இன்று தன்னைக் குறை சொன்னவர் நிலத்தைப் பார்வையிடலாம். ஆதலின் பொய்க் குற்றம் சாட்டவும் எவரும் துணியார். மெய்க் குற்றத்தை மறைக்கவும் துணியார். குற்றம் காண்பவனும் காணப்படுபவனும் முறை மாறி வருதலே அம்மன்றத்தின் நீதி. வெளியூர்க் காவலன் வேண்டியதில்லை, வேலியும் வேண்டியதில்லை.

1977-ல் வந்த நீதி நிருவாகச் சட்டம், நாட்டில் எஞ்சியிருந்த இத்தகைய பழைய மன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தைப் பொதுவாக நீக்கிற்று. பல ஊர்களில் அவை விழாச் சடங்குகளாகவே நிற்கின்றன. லாக்ஸ்டனிலோ மன்றத்துக்குச் செய்ய உண்மையான வேலை உண்டு. அங்கே பார்க்கப்பட வேண்டிய வயல் இருக்கிறது.

பொது நிலத்தைப் பற்றி 1968-ல் கார்ரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் இலாபம் கருதி மேலும் ஒரு மாட்டை விடுவான். முடிவில் நிலமே பாழாகும் என்பது அவர் வாதம். லாக்ஸ்டனின் வரலாறு அவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு. அங்கே பொது உரிமை என்பது யாரும் எதையும் செய்யலாம் என்னும் உரிமையன்று. ஆட்டுக்கும் கணக்குண்டு, அடிக்கும் கணக்குண்டு. பொது உடைமையை மக்கள் தாமே விதிவகுத்துக் காக்க முடியும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். லாக்ஸ்டன் உழவர் அவருடைய நூல்களைப் படித்து மன்றம் அமைத்தவரல்லர். ஆனால் அவர் சொன்னதை அவர்கள் நெடுநாளாகச் செய்து வந்தனர்.

கைமாறிய ஊர்

1938-ல் சி. எஸ். ஆர்வின் என்னும் வேளாண் பொருளியல் அறிஞரும் அவர் துணைவியாரும் திறந்த வயல்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். லாக்ஸ்டனையே நடுவாக வைத்து எழுதிய அந்நூலால் அவ்வூரின் அருமை நாடறிந்ததாயிற்று. 1952-ல் மேன்வர்ஸ் பிரபு நிலத்தை விற்க முன்வந்தபோது, வேளாண்மை அமைச்சே அதனை வாங்கிற்று. போருக்குப்பின் உணவுப் பங்கீடு கூட முடியாத அந்நாளில், விளைச்சலைப் பெருக்குவதையே கடமையாகக் கொண்ட ஓர் அமைச்சு, பழைய முறையைக் காக்கப் பணம் செலவிட்டது குறிப்பிடத் தக்கது. 1981-ல் அரசு அதனை முடியுரிமைச் சொத்து ஆணையத்திடம் விற்றது. அவ்வாணையம் விற்க முடிவு செய்தபோது ஊர் மீண்டும் கவலையுற்றது. 2020-ல் தோர்ஸ்பி பண்ணை அதனை வாங்கிக் கொண்டது. தோர்ஸ்பி, பழைய மேன்வர்ஸ் பிரபுக்களின் இருப்பிடம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து நிலம் பழைய வழியினரிடமே திரும்பியது.

உரிமையாளர் மாறலாம், வயலில் மாறுதல் வராமல் இருக்குமா? எருதுக்குப் பதில் டிராக்டர் வந்தது. டிராக்டருக்கு ஏற்பக் கீற்று அகன்றது. தரிசு வயலிலும் தீவனப் பயிர் இட இடங்கொடுத்தனர். ஆட்டு மந்தையைப் பொதுவில் மேய்த்தல் நின்றது. சில ஏக்கர் கொண்டு ஒரு குடும்பம் பிழைத்த காலம் போய்விட்டமையால் உழவர் தொகையும் குறைந்தது. இங்கேதான் ஊரின் உண்மையான இடர் இருக்கிறது. வயல்களைச் சட்டத்தால் காக்கலாம். படத்தை நூலகத்தில் பூட்டி வைக்கலாம். ஆனால் ஜூரியில் அமர உழவர் வேண்டுமே! மற்றவர் நிலத்தை மதிப்பிடும் கண்ணும், தன் நிலத்தை மற்றவர் மதிப்பிட இடங்கொடுக்கும் மனமும் உழுபவர்க்கே உரியவை. வேடிக்கை பார்க்க வருவோரைக் கொண்டு மன்றத்தை நிரப்ப இயலாது. உழவர் அற்ற நாளில் ஜூரி நாள் வெறுங் கூத்தாகிவிடும்.

வரலாறு கற்பிப்போர்க்கு

லாக்ஸ்டனிலிருந்து நாம் கொள்ளத் தக்கது யாது? பழையது எல்லாம் நல்லது என்பதன்று. அடிமைகள் இருந்த ஊர் அது என்பதை மறக்கலாகாது. திறந்த வயல் முறை உலகெங்கும் திரும்பி வரவேண்டும் என்பதுமன்று. ஒரு நிறுவனம் நிலைப்பது அது பழைமையானது என்பதனால் அன்று, ஆண்டுதோறும் சிலர் அதற்காக எழுந்து நடப்பதனால்தான் என்பதே அவ்வூர் காட்டும் உண்மை. கோட்டை கட்டிய குடும்பம் போயிற்று. கடல்கடந்து வாணிகம் செய்த செல்வர் போயினார். பிரபுப் பட்டமும் 1955-ல் வழியற்று முடிந்தது. நவம்பர் மாதக் குளிரில் சேற்றை மிதித்து அண்டை நிலத்தின் எல்லையில் முளை அடிக்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

ஆசிரியப் பெருமக்கள் இங்கிலாந்து வரலாற்றைச் சொல்லும்போது, மன்னர் பட்டியலோடு இச்சிற்றூரையும் சேர்த்துச் சொல்லலாம். கரும்பலகையில் மூன்று வயல்களை வரைந்து, ஒரு மாணவனுக்கு மூன்றிலும் கீற்றுகள் கொடுத்து, எந்த ஆண்டு எதில் விதைப்பாய் என்று கேட்டாலே போதும். இடைக்கால உழவனின் கவலை பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். பின்னர், அடுத்தவன் கீற்றை ஓரடி உழுதுவிட்டவனை என்ன செய்வது என்று வகுப்பையே தீர்ப்புச் சொல்லச் சொல்லலாம். அதற்கு அவர்கள் தேடும் விடையிலிருந்து ஊராட்சி என்றால் என்னவென்னும் பாடம் தொடங்கும்.